மதியத்துக்குள் தெளிந்துவிடும்

அர்ஜுனன் கோடிப் புடவையைக் கக்கத்தில் இடுக்கியபடி குளியலறைக்குள் புகுந்து தாழிட்டான். கூடத்தில் அவன் தங்கை பாகீரதி கிடத்தப்பட்டிருந்தாள். பிறந்த வீட்டுக் கோடியை அண்ணன் போர்த்திய பிறகே உடலை எடுப்பது வழக்கம். அவன் இன்னும் போர்த்தவில்லை. கரக்பூரிலிருந்து ரயிலில் வரும்போதே சாவின் காரணம் தெரியாமல் போர்த்துவதில்லை என்று தீர்மானித்திருந்தான்.

மாடத்தில் இருந்த ஒவ்வொன்றையும் திறந்து முகர்ந்தான். தேங்காயெண்ணெய் தேங்காயெண்ணெயாகவே இருந்தது. பினாயில் பினாயிலாகவே இருந்தது. ஜன்னலோரம் செய்தித்தாள் சுற்றிய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று தென்பட்டது. பிரித்தான். பால் சேர்க்காத டிகாக்‌ஷன் நிறத்தில் ஏதோ ஒன்று பாதியளவு நின்றது. மறைக்க ஒன்றும் இல்லையென்றால் செய்தித்தாள் எதற்கு? அதை மட்டும் அவன் திறக்கவில்லை; சாட்சியம் கலைந்துவிடக் கூடாது.

கூடத்தில் மணிவேல் மனைவியின் கால்மாட்டில் அமர்ந்திருந்தான். சால்ட் லேக்கில் அரசு அலுவலகமொன்றில் வேலை. ஓராண்டுக்குள் நான்கு மருத்துவர்களை மாற்றியவன். எவரிடமும் நிலைக்காதவன் எதையோ மறைக்கிறான் என்பது அர்ஜுனனின் கணிப்பு.

"என்ன மாப்பிள்ள இது?" அர்ஜுனன் பாட்டிலை அவன்முன் நீட்டினான்.

மணிவேல் நிமிர்ந்து பார்த்தான்.

"வாயத் தொறங்களேன். என்னத்தக் காய்ச்சிக் குடுத்தீங்க எந்தங்கச்சிக்கு?"

பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்மணி மாஷிமா, தமிழ் புரியாமலே, ஊதுவத்தி ஏற்றுவதை நிறுத்தினாள்.

"டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு, மச்சான். மூளைல ரத்தம் உறைஞ்சு..."

"உறைஞ்சுதா, உறைய வச்சீங்களா? போஸ்ட்மார்ட்டம் பண்ணட்டும். அதுவரைக்கும் கோடி கெடையாது."

மணிவேலின் மகள் தமிழரசி எழுந்து வந்தாள். ஜாதவ்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழை வங்காள இழுப்பில் பேசுவாள்.

"மாமா, அது அம்மாவோடது. நேத்து காலைல போன யூரின்."

பாட்டிலை எங்கே வைப்பது என்று அர்ஜுனனுக்குத் தெரியவில்லை.

"காலைல மட்டும்தான் இப்படி வரும். மதியத்துக்குள்ள தெளிஞ்சிடும். ஆஸ்பத்திரில சாம்பிள் கேக்கறப்ப சாதாவா இருக்கும். ஒரு டாக்டர் பீட்ரூட் திங்காதன்னாரு. இன்னொருத்தர், அம்மாவே என்னமோ கலக்கறாங்கன்னு மனசு டாக்டர்கிட்ட அனுப்பிட்டாரு. அப்பறம்தான் அப்பா விடிஞ்சதும் புடிச்சு வச்சு, பேப்பர் சுத்தி, பஸ்ல எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சாரு."

"பஸ்லயா?" என்றான் அர்ஜுனன்.

"ஒரு நாள் பேப்பர் விலகிடுச்சு. கண்டக்டர், 'என்னண்ணே, சர்பத்தா?'ன்னு கேட்டானாம்." அவள் சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டாள். "நாலாவது டாக்டர்தான் நம்பினாரு. ஒடம்பே சொந்த ரத்தத்த ஒடைக்குதாம். லட்சத்துல ஒருத்தருக்கு வர்றதே அபூர்வமாம். கூடப் பொறந்தவங்க எலும்பு மஜ்ஜை பொருந்திச்சுன்னா..."

"விடு, தமிழு," என்றான் மணிவேல்.

அவள் அம்மாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள்.

துர்கா பூஜைக்கு முன்பு ஒரு நாள் மணிவேல் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசியிருந்தான். உங்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, மச்சான், ஒரே நாள் வேலை. ரத்தத்தில் தொடங்கிச் சிறுநீரகத்தைக் கேட்பதில் முடிப்பார்கள் என்று அர்ஜுனன் அப்போது கணித்தான். "எங்க ஒடம்ப விட்டா ஒங்களுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா?" என்று கேட்டும்விட்டான். அதன் பிறகு மணிவேல் கேட்கவில்லை. பாகீரதியும் கேட்கவில்லை.

மாஷிமா எழுந்து வந்து பாட்டிலை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நேரமாகிறது என்று வங்காளத்தில் சொன்னாள். கீழே சவ ஊர்தியின் ஓட்டுநர் ஒருமுறை ஹாரன் அடித்தான்.

அர்ஜுனன் புடவையைப் பிரித்துத் தங்கையின் மீது போர்த்தினான். அவளுடைய ஒரு கை வெளியே நீண்டிருந்தது. முழங்கையின் உட்புறம் ஊசி குத்திய இடமெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கன்றியிருந்தது. நரம்பென்று ஒன்றும் தென்படவில்லை. அதன்மேல் முந்தானையை இழுத்துவிடப் போன அவன் கையில் நரம்புகள் பச்சையாகப் புடைத்து, முழங்கை வரை ஓடின.

மணிவேல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அர்ஜுனன் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கி, பித்தானைப் போட்டுக்கொண்டான்.