நாலாவது பீப்பாய்

தொட்டிக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்த இஞ்ஞாசியம்மாளின் விரலில் பாசி சுற்றிக்கொண்டது. தலை குளித்துவிட்டு வரும் புருஷன் எட்வர்டின் முடியும் இப்படித்தான் சுற்றும். அவள் கையை உடனே எடுக்கவில்லை.

கோவில்பட்டியில் கடல் இருந்த ஒரே வீடு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஆறுமுகசாமியுடையது. தெருவில் போகிறவர்கள் பார்ப்பதற்கென்றே கிழக்குச் சன்னலை ஒட்டி, கட்டில் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்து, கடல் மீன் விட்டிருந்தார். கரைத் தண்ணீர் கண்டவன் கால் பட்டது என்பதால் நடுக்கடல் தண்ணீர்தான் வேண்டும் என்றார். கடலோரக் குளத்தூர்க்காரன் என்றால் மீன் மாதிரி நீந்துவான் என்று, ஆபீசில் வேலை பார்த்த எட்வர்டை அனுப்பினார். எட்வர்ட் உப்பளத்தில் வளர்ந்தவன். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் கண்டதில்லை. வள்ளத்திலிருந்து குனிந்து மூன்று பீப்பாய்களை நிரப்பினான். நாலாவது, கட்டிய கயிற்றோடு நிறைந்து வந்தது. அவன் வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

"கடமை தவறாத ஆளு. நெறச்சிட்டுத்தான் போயிருக்கான்" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் முதலாளி பெருமையாகச் சொன்னார். அன்று சாயங்காலமே நாலாவது பீப்பாயும் தொட்டியில் இறங்கியது. மறுமாதம், தொட்டி துடைக்கும் வேலையை எட்வர்டின் பெண்சாதிக்கே கொடுத்துத் தம் தாராளத்தை ஊரறியச் செய்தார்.

தண்ணீர் வற்ற வற்றக் கல் உப்பை அள்ளிப் போடச் சொன்னார். கடல் என்றால் உப்புத்தானே. மூன்று மீன்கள் செத்து மிதந்தன. வெயில் தண்ணீரை மட்டும்தான் தூக்கிக்கொண்டு போகும், உப்பை விட்டுவிட்டுப் போகும் என்பது தானும் உப்பளத்துப் பிள்ளையான இஞ்ஞாசியம்மாளுக்குத் தெரியாதா? அந்த வருஷம் ஐப்பசியிலும் மழை இல்லை. குழாயடியில் வரிசையில் நின்று பிடித்த தன் குடிதண்ணீரில் பாதியை, யாரும் பார்க்காதபோது தொட்டியில் ஊற்றினாள். ஊற்றும்போது, "குடிங்க" என்று வாய்க்குள் சொல்வாள்.

மிச்ச மூன்று மீன்களும் பிழைத்தன. பாசி மட்டும் அடங்கவில்லை.

"ஏட்டி, புதன்கிழமை பெரிய ஆபீசர் வாரார். கடல் ஊருணி கணக்கா கெடக்கு. எல்லாத்தையும் சாக்கடையில ஊத்திட்டு வேற கொண்டாரச் சொல்லுதேன்" என்றார் முதலாளி.

அவள் கை தொட்டி விளிம்பைப் பிடித்தது.

"ஊத்திராதீய மொதலாளி. அஞ்சு நா குடுங்க. சன்னல்ல சாக்கு கட்டணும். தீனி ஒரு சிட்டிகை போதும்."

"சாக்கு கட்டினா ரோட்டுல போறவன் என்னத்தப் பாப்பான்? எம் வீட்டு மீனு பட்டினி கெடக்கவா?"

"மீனு திங்கது கொஞ்சம். மிச்சத்தப் பாசிதான் திங்குது. வெயிலும் தீனியும்தான் அதுக்குச் சோறு."

அஞ்சு நாள் கிடைத்தது. சாக்கைக் கட்டினாள். பனை ஈர்க்குக் கட்டையால் மூலை மூலையாகச் சுரண்டினாள், மிதந்ததை வேட்டித் துணியில் வடிகட்டினாள். அது எட்வர்டின் வேட்டி. துணியைப் பிழிந்தபோது சொட்டிய தண்ணீரைக்கூடத் தொட்டியிலேயே விட்டாள். பின்பக்க மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டை மட்டும் சுரண்ட மனம் வரவில்லை.

புதனன்று சாக்கு இறங்கியது. ஆபீசர் குனிந்தார். கண்ணாடியில் தம் மீசை தெரிய, அதைத் திருத்திக்கொண்டார்.

"தண்ணி சுத்தமா இருக்கே."

"நடுக்கடல் சார். ஆளு எறங்கி எடுத்தது."

ஆபீசர் காபி கேட்டார்.

கார் போனதும் முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. "அவியளுக்கு ரொம்பப் பிடிச்சிட்டு. இதவிடப் பெருசாச் செய்யணும், எட்டுப் பீப்பாய்க்கு. காலையில லாரி போகுது. இந்தப் பழசத் தொறந்து விட்டுரு" என்றபடி உள்ளே போனார்.

அன்று கல்லறைத் திருநாள். தெருவில் பூவும் மெழுகுவர்த்தியுமாகச் சனம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. போய் நிற்க அவளுக்கு அங்கே குழியில்லை. சன்னலைச் சாத்தினாள். மடியிலிருந்த மெழுகுவர்த்தியை எடுத்து, முதலாளியின் படம் போட்ட தீப்பெட்டியில் ஒரு குச்சி கிழித்து, தொட்டி விளிம்பில் ஏற்றி வைத்தாள்.

சுடர் ஆடாமல் நின்றது. மீன்கள் மூன்றும் எதிர் மூலையில் ஒதுங்கி அசையாமல் கிடந்தன. பின்கண்ணாடியில் அந்தக் கையகலப் பாசி மெல்ல விரிந்து, அவள் இருந்த பக்கமாகச் சாய்ந்தது.