குடியிருக்கிற வரைக்கும்

போன வருஷம் செத்துப்போன என் வூட்டுக்காரரு எழுதின உயில வக்கீல் ரெண்டு தரம் படிச்சாரு.

"வூடு உங்களுதுதாம்மா. ஆனா நீங்க அதுல குடியிருக்கிற வரைக்கும்தான். வேற எங்கனா போய்த் தங்கிட்டா உங்க கொழுந்தனாருக்குப் போயிடும்னு எழுதி வச்சிருக்காரு."

"நாவலூர்ல என் பொண்ணுக்கு ஆப்பரேஷன் பண்ணி கொழந்த பொறந்து பத்து நாளு ஆவுது சார். ஒரு மாசம் கூட இருந்துட்டு வந்தா?"

"அதுக்கெல்லாம் வூடு போயிடாதும்மா. ஆனா அவரு கேஸ் போட்டாருன்னா வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலையணும். பாத்துக்குங்க."

கொழுந்தன் தீனதயாளன் எதிர்வூட்லதான் கீறாரு. நான் பூட்டக் கையில எடுத்தாலே செல்லுல போட்டோ எடுக்கிறாரு. கேட்டா, "ஒரு பத்திரத்துக்குதான் அண்ணி"ன்றாரு. எந்தப் பத்திரத்துக்குன்னு எனக்குத் தெரியாதா இன்னா?

அதனால செங்கல்பட்டுலேர்ந்து காலைல மொத பஸ் புடிச்சி நாவலூர் போறேன். கொழந்தயக் குளிப்பாட்டி, பொண்ணுக்குப் பூண்டுக் கொழம்பு வச்சிக் குடுத்துட்டு, சாயங்காலம் ஓடியாறேன். "ஒரே ஒரு ராத்திரி இரும்மா"ன்னு நேத்து அழுதா. செருப்ப மாட்டினேன்.

அந்த மனுஷனோட இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினேன். எங்கம்மா சாவக் கெடந்தப்பக்கூட, "பாத்துட்டு பொழுது சாயறதுக்குள்ள வூடு வந்து சேரு"ன்னாரு.

வந்து சேந்தேன். இன்னும் வந்துகினுதான் கீறேன்.