யாரும் சாகாத வீடு

காஞ்சிபுரத்தில் அரிசி மண்டி வைத்திருந்த ஆதிகேசவன், பந்தயத்துக்கு மூட்டை தூக்கி மாரடைப்பில் விழுந்தார். தூக்கியது ஒரு மூட்டைதான். சேதி வாலாஜாபாத் போய்ச் சேர்ந்தபோது அது மூன்றாகியிருந்தது. மேலே ஓர் ஆளும் உட்கார்ந்திருந்தான்.

பிழைத்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: “ஆம்பளைங்களுக்கு உடம்பு சிரமப்பட்டு வர்றது ஜாஸ்தி. பொம்பளைங்களுக்கு மனசு சிரமப்பட்டு வர்றது ஜாஸ்தி.” மனைவி மணியம்மாள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வீடு வந்ததும் இரண்டையும் புருஷனுக்கே வைத்துக் காவல் காத்தாள்.

அன்றிலிருந்து அவர் தண்ணிச் செம்பைத் தூக்கக் கூடாது. கெட்ட சேதியும் கேட்கக் கூடாது. பேப்பரில் சாவு விளம்பரங்களைக் கத்தரித்துவிட்டுத்தான் கொடுப்பாள். பேப்பரில் விழுந்த அந்த ஓட்டை ஜன்னல் வழியாக அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் வருஷக்கணக்கில் ஒருவரும் சாகவில்லை. தாமலில் எரித்துச் சாம்பலான பெரியப்பா, மணியம்மாள் கணக்கில், வாரம் தவறாமல் அவரை விசாரித்தார். உயிரோடிருந்தபோது காது கேட்காத மனுஷன், செத்த பிறகு போனில் நன்றாகப் பேசினார்.

பங்காளிகள் கருமாதியில் மொட்டை போட்டுக்கொண்டு வரும் மகன் முருகேசன், “திருப்பதி போனேன்பா” என்று லட்டை நீட்டுவான். அது காந்தி ரோடு கடை லட்டு என்று முதல் தடவையே ஆதிகேசவனின் நாக்கு சொல்லிவிட்டது. அதைப் பிட்டுப் பாதியை மணியம்மாளிடம் கொடுப்பார். சிரித்துக்கொண்டே தின்றுவிட்டு, பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். சத்தம் நிற்கும்வரை இவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருப்பார்.

‘எனக்குத் தெரியும் மணி, இங்க வந்து அழு’ என்று சொல்லியிருக்கலாம். தன்னைக் காப்பாற்றுகிற பெருமையை அவளிடமிருந்து பிடுங்க மனசு வரவில்லை.

போன வாரம் ஒரு போன். பேசி வைத்த மணியம்மாள், “என் தங்கச்சி துளசி உங்கள விசாரிச்சா. நல்லாகீறா” என்றாள். மாடித்தொட்டி காலியாகும்வரை குழாய் ஓடியது. காலையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

காலையில் அவள் தாடையைப் பிடித்தபடி வியர்த்து உட்கார்ந்திருந்தாள்.

“நெஞ்சு வலிக்குதா?”

“நெஞ்செல்லாம் உங்களுக்குத்தான். எனக்குப் பல்லு. முருகேசன்கூட போய்க் காட்டிக்கினு வந்துடறேன்.”

“வந்ததும் ஒண்ணு சொல்லணும்.”

“வந்து கேக்கறேன்.”

மறுநாள் சாயங்காலம் முருகேசன் மட்டும் வந்தான். மொட்டை. மீசையும் இல்லை. கையில் பொட்டலம்.

“அம்மா தாமல்ல சித்தி வீட்ல இருக்குதுப்பா. நான் அப்படியே திருப்பதி...” பொட்டலத்தை நீட்டினான்.

ஆதிகேசவன் பொட்டலத்தைப் பிரித்து லட்டைப் பிட்டார்.

“ஆருடா தூக்கினது?”

முருகேசன் சுவரைப் பார்த்தான். “நாலு பேருப்பா. பல்லு இல்லியாம், மாரடைப்பாம். அப்பாகிட்ட சொல்லாதன்னு அதான் கடைசியா சொல்லுச்சு.”

“நான் தூக்கியிருக்க மாட்டேன்டா. பின்னால நடந்து வந்திருப்பேன்.”

ஒரு பாதியைத் தட்டில் வைத்தார். இன்னொரு பாதியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

முருகேசன் ஜன்னல் வைத்த பழைய பேப்பர் ஒன்றை எடுத்து, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான்.