என் மகளுக்கு என் மனைவி அக்கா ஆன கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனை அல்ல. சாப்பாட்டு மேசையில் மனைவியும் மகளும் போட்ட சண்டையிலிருந்து சுட்டது. இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே முதலாமாண்டு வகுப்பில் படிக்கிறார்கள். மகளைச் சேர்க்கப் போனவள் தானும் சேர்ந்துவிட்டு வந்தாள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘ஐம்பது வயதில் அவள் கண்களில் கல்வியின் சுடர்—’

(வாசித்துக் காட்டினேன். மனைவி சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

மகள் போட்ட நிபந்தனைகள்: வேறு வேறு பஸ், வேறு வேறு பெஞ்ச், வகுப்பில் ‘அம்மா’ கிடையாது. வகுப்பில் மற்ற பிள்ளைகள் கூப்பிடுவது போல அவளும் பெற்ற தாயை ‘அக்கா’ என்றே கூப்பிடுவாள். [நம்ப முடியவில்லையா? என் வீட்டுக்கு வந்து பாருங்கள்.]

மனைவிக்கு ஒரே குஷி. “ஒரே நாள்ல இருபது வயசு குறைஞ்சுபோச்சுங்க!”

4

இங்கே ஒரு கட்டுரை எழுதப் பார்த்தேன்: ‘வயதானபின் படிக்க வருகிறவர்களின் பலம் பொறுமை, அனுபவம், நேரம் தவறாமை...’ எனக்கே கொட்டாவி வந்தது. என் மனைவியின் பலம் வேறு. அவள் முடிவெட்டும் கடை வைத்திருப்பவள். கத்தரி வைக்கும் முன் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்பாள்: “இவ்ளோதானே? நிச்சயமா?” வெட்டிய முடியை ஒட்டவைக்க முடியாதே. அதனால் கேட்பதற்கு அவளுக்கு வெட்கமே கிடையாது.

ஒரு நாள் வகுப்பில் நடந்தது இது. மறுநாள் தேர்வு. பேராசிரியர் கரும்பலகையில் ஒரு சூத்திரத்தை எழுதி விளக்கினார். வகுப்பே தலையாட்டியது. இவள் எழுந்தாள்.

“சார், புரியல.”

மறுபடி விளக்கினார்.

“இன்னும் புரியல சார்.”

“உங்களுக்கு மட்டும்தானே? மத்தவங்க நேரத்தை ஏன் வீணாக்குறீங்க? உட்காருங்க.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கிவிட்டது. (இதை எழுதும்போது எனக்கு வந்த கோபத்தில் பேனா மூடி உடைந்தது.) உட்காரப் போனாள். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து மகள் எழுந்தாள்.

“சார், எங்க ________வுக்கு மட்டும் இல்ல. எனக்கும் புரியல.”

அதற்கப்புறம் வகுப்பு முழுக்கக் கைகள். பேராசிரியர் சிரித்துவிட்டு, பலகையைத் துடைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

5

“அம்மான்னுதான் சொன்னா. என் காதால கேட்டேன்” என்கிறாள் மனைவி.

“அக்கான்னுதாம்ப்பா சொன்னேன். அம்மா கதை விடுறாங்க” என்கிறாள் மகள்.

இரண்டு முடிவும் எழுதிப் பார்த்தேன். எதைக் காட்டினாலும் ஒருத்தி அடிக்க வருகிறாள். நான் அந்த வகுப்பில் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அன்று சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். மனைவியின் பை மகள் தோளில் இருந்தது.

கோடிட்ட இடத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். புரியாதவர்கள் தாராளமாகக் கை தூக்கலாம்.