பழைய தளத்தில் ஒருவர்

காலையில் எழுந்ததும் தண்ணீர் வைத்தேன். கொதிக்க விடக்கூடாது. கெட்டில் லேசாக முனகத் தொடங்கியதும் இறக்கி ஃபிளாஸ்கில் ஊற்றினேன். மாத்தே என்கிற கசப்புத் தேநீருக்கான குடுவையில் இலைத்தூளைப் போட்டு, ஒரு பக்கமாகச் சாய்த்துத் தட்டினேன். படுக்கையில் ஒரு பாதியை மட்டும் சரிசெய்தேன். மறுபாதி கலைவதில்லை. ஃபிளாஸ்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடற்கரைச் சாலை வழியாக அலுவலகத்துக்கு நடந்தேன். மொந்தேவிதேயோவில் பாதிப் பேர் அப்படித்தான் நடக்கிறார்கள்.

அடுத்த வாரம் விடுமுறை. ஊரே பேருந்து ஏறும். அந்த டிக்கெட்டுகளை விற்பது எங்கள் இணையதளம். அதன் புதிய பதிப்பு தயாராகிவிட்டது. பழையதும் புதியதும் சில நாட்களாகச் சேர்ந்தே ஓடுகின்றன. இரண்டுக்கும் முன்னால் வாசல்காரன்போல ஒரு சர்வர். வருகிறவரின் உலாவியில் ஓர் அடையாளம் இடும். பழையதில் தொடங்கியவர் எந்தப் பொத்தானை அழுத்தினாலும், வேலை முடியும்வரை பழையதற்கே போவார். புதிதாக வருகிறவர் புதியதற்கு. நடுவழியில் மாற்றிவிட்டால், அவர் பிடித்துவைத்த இருக்கை புதியதற்குத் தெரியாது. அந்த விதியை எழுதியவள் என் மனைவி மாஹேலா. அலுவலகத்தில் என் எதிர் மேசை அவளுடையது. போன குளிர்காலத்தில் கீழே பேக்கரிக்குப் போனவள் அங்கேயே விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பிழைக்கவில்லை. அவள் விதி இன்றுவரை ஒருவரையும் தவறான இடத்துக்கு அனுப்பியதில்லை.

அலுவலகத்தில் மாத்தே ஊற்றுவது நான். எல்லோருக்கும் ஒரே குடுவை, உறிஞ்ச ஒரே குழல். ஒவ்வொருவரிடமும் போய் என்னிடமே திரும்பும். ஊற்றுகிற ஆள் நடுவில் மாறுவதில்லை. மாஹேலாவின் முறை வரும்போது ஒரு கணம் நிறுத்துவேன். யாரும் எதுவும் கேட்பதில்லை.

இன்று யுஸ்மேரி கேட்டாள். வேறொன்றை. வெனிசுவேலாவிலிருந்து வந்து இந்த வாரம்தான் வேலையில் சேர்ந்திருந்தாள்.

“எம்மேல உங்களுக்கு என்ன கோவம்? எல்லாருக்கும் சுத்திச் சுத்தி ஊத்துறீங்க, எனக்கு மட்டும் ஒரு தடவையோட சரி. நான் வாய் வச்சா குழல் கருத்துடுமா?”

எங்கள் மேலாளர் எபெர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். “நீதானேம்மா போதும்னு சொன்ன.”

“நான் எப்ப சொன்னேன்? மரியாதையா நன்றின்னுதானே சொன்னேன்?”

“இங்க நன்றி சொன்னா, சுத்துலேருந்து எந்திரிச்சாச்சுன்னு அர்த்தம். இன்னும் வேணும்னா வாய மூடிட்டுக் குடி.”

“அடப்பாவிங்களா! இத்தனை நாளா வேடிக்கை பாத்துட்டா இருந்தீங்க?”

எபெர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் திரைப்பக்கம் வந்தார். “நாச்சோ, பழசுல இன்னும் எத்தனை பேரு?”

“ஒருத்தர்.”

சால்தோ ஊருக்கு நான்கு இருக்கைகள். பணம் வாங்கும் கடையில் ரொக்கமாகக் கட்டுகிறேன் என்று அழுத்தியிருந்தார். கட்டிவிட்டு வந்து ரசீது எண்ணைத் தட்டவேண்டும். எண் கேட்கும் பக்கம் திறந்தபடியே இருந்தது.

“அவன் மறந்துட்டான். புதுசுக்குத் தள்ளிவிட்டுப் பழச மூடு. ரெண்டு கடைய எத்தனை நாளைக்குத் தெறந்து வச்சிட்டு உக்காந்திருக்கறது?”

“தள்ளினா நாலு சீட்டும் போயிடும். சால்தோவுக்கு இனி ஒரு சீட்டு கெடையாது.”

“அது அவன் பாடு.”

“மூட மாட்டேன்.”

சத்தமாகச் சொல்லவில்லை. வேண்டியிருக்கவில்லை. எபெர் என் தோளில் கை வைத்தார்.

“தம்பி, இது மெஷினு. மாஹேலா இல்ல.”

“தெரியும். கட்டப் போயிருக்காரு. வருவாரு.”

எனக்குச் சந்தேகம் இல்லை. வரிசையில் நிற்கிறார், அவ்வளவுதான். யுஸ்மேரி குடுவையைக் கையில் வைத்தபடி திரையை எட்டிப் பார்த்தாள்.

“அவரு இன்னும் நன்றி சொல்லலையே” என்றாள்.

எபெர் அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “வந்து ஒரு வாரம் ஆகல, நமக்கே பாடம் எடுக்குது. ஊத்து, ஊத்து.”

ஊற்றினேன். குடுவை சுற்றி வந்தது. ஃபிளாஸ்கில் தண்ணீர் தீர்ந்ததும் மறுபடி நிரப்பினேன். மதியத்துக்குச் சற்று முன்பு திரையில் அந்த ஒற்றை வரி அசைந்தது. ரசீது எண். நான்கு டிக்கெட்டுகள். வாசல்காரன் அவரைக் கடைசியாக ஒருமுறை பழையதற்கு அனுப்பி, அடையாளத்தை அழித்தான். எண்ணிக்கை பூஜ்யமானது.

யுஸ்மேரி கைதட்டினாள். எபெர், “இப்ப?” என்றார்.

“இப்ப மூடலாம்.”

கட்டளையைத் தட்டினேன். எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். ஒரே ஒரு விசைதான் பாக்கி. அதற்குள் குடுவை என்னிடம் திரும்பியிருந்தது. மாஹேலாவின் முறை. இந்தத் தடவை நிறுத்தவில்லை. விளிம்புவரை ஊற்றி எதிர் மேசையில் வைத்தேன். குழல் அவள் நாற்காலியைப் பார்த்தபடி நின்றது. ஆவி போய்க்கொண்டிருந்தது.

பேக்கரிக்குக் கிளம்பிய அன்று, கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு மாஹேலா சொன்னாள்:

“என் முறையத் தாண்டிடாதடா. பிஸ்கோச்சோ சூடா இருந்தா வாங்கிட்டு வரேன், இல்லன்னா சும்மா வரேன்.”