ஒன்றுக்கு ஒன்று

மேலாளருக்கு ஊசியைக் கண்டாலே ஆகாது. தனக்கு ரத்தம் எடுக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவரை, போதை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குப் புது ஊசி கொடுக்கும் மையத்துக்குத் தலைமை தாங்க அனுப்பியிருந்தார்கள். பொருத்தம் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார்கள்.

மையத்தின் வேலை எளிது. ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டால் எச்.ஐ.வி. பரவும். ஆகவே கேட்கிறவருக்கு வேண்டிய அளவு புது ஊசி கொடு, பழையதைக் கொண்டுவந்தால் வாங்கி மஞ்சள் டப்பாவில் போடு. கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு மேசை, சுற்றவா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு மின்விசிறி. மேசைக்கு இந்தப் பக்கம் எட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள் ஊசியக்கா. வருகிறவர்கள் வைத்த பெயர் அது. அவளுக்கு அதில் வருத்தமில்லை.

வருத்தம் வேறு. மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பவர்களில் ஒருவன் அவள் கூடப்பிறந்த தம்பி. வேலை இருக்கும் நாளில் வெல்டர். இல்லாத நாளில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவனைத் தரதரவென்று இழுத்துப்போய் ரத்தம் எடுக்க வைப்பாள். எச்.ஐ.வி. இல்லை என்று சீட்டு வந்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும். போதையை விட வைக்க அவளால் முடியவில்லை. அந்தச் சீட்டையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று ஒரு வைராக்கியம்.

போன மாதம் மேலாளருக்கு ஞானோதயம் பிறந்தது. கொடுத்த ஊசிகளில் பாதிகூடத் திரும்பி வருவதில்லையே என்று தலைமை அலுவலகம் கேட்டுவிட்டது.

"இனிமே ஒன்னுக்கு ஒன்னு. பழசு கொண்டு வந்தாதான் புதுசு" என்றார்.

"சார், பழைய ஊசி கையில இருந்தா போலீஸ் புடிச்சுட்டுப் போயிடுது. அதனாலதான் அங்கங்க போட்டுட்டு வர்றாங்க. வெறுங்கையா வர்றவனத் திருப்பி அனுப்பினா, பக்கத்துல இருக்கறவன் ஊசியத்தான் வாங்கிப் போடுவான்."

"அவங்களுக்கும் ஒரு பொறுப்புணர்ச்சி வரணும்ல?"

பொறுப்புணர்ச்சி அவருக்கு மிகவும் பிடித்த சொல். அவர் குடித்த டீ கிளாஸை ஊசியக்காதான் கழுவி வைப்பாள்.

விதி வந்த நான்காவது வாரம் தம்பி வெறுங்கையோடு வந்தான். வரிசையில் பத்துப் பேர். சொந்தத் தம்பிக்கு மட்டும் சலுகையா என்று எவனாவது கேட்டுவிட்டால்? நேர்மை விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

"பழசு எங்க?"

"இல்லக்கா." வெறும் கையை விரித்துக் காட்டினான்.

"அப்ப புதுசும் இல்ல. கெளம்பு."

அவன் திரும்பிப் போய்விட்டான். வரிசையில் நின்றவர்கள் அவளை மரியாதையோடு பார்த்தார்கள். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை கதவைத் திறக்கும்போதே தம்பி வாசலில் நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே இருபது முப்பது பழைய ஊசிகள். மையம் கொடுப்பது ஒரே ரகம். டப்பாவில் இருந்தது நான்கைந்து ரகம், சிலவற்றில் துரு வேறு.

"ஏதுடா இவ்வளவு?"

"ரயில் பாலத்துக்குக் கீழ பொறுக்கினேன். எல்லாரும் அங்கதான பொறுக்கிட்டு வர்றாங்க. ஒனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. மேலாளருக்கும் தெரியாது. கொடுத்த ஊசி அத்தனையும் திரும்பி வருகிறது என்று தலைமை அலுவலகம் அனுப்பிய பாராட்டுக் கடிதம் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"அது என்ன?"

"பொறுக்கும்போது ஒன்னு குத்திடுச்சு, நேத்து சாயங்காலம். அத விடுக்கா. ஊசி போடாம ராத்திரி பூரா ஒடம்பு முறுக்கி எடுத்துச்சு. கூட இருந்தவனுங்க அவனுங்க போட்ட ஊசிய நீட்டினானுங்க. நான் தொடல. சத்தியமா தொடல. நீ சொன்னத மீறவே இல்ல."

பரிசு வாங்கிய பிள்ளைபோலச் சொன்னான். பெட்டியிலிருந்து கைக்கு வந்த புது ஊசிகளை எண்ணாமல் அள்ளி அவன் பையில் திணித்தாள். அவனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

குத்திய மூன்று நாளுக்குள் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஊருக்கெல்லாம் அவளே எடுத்த பாடம் அது. மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த அம்மாள் தன்மையாகத்தான் சொன்னாள்.

"இந்த மாத்திர ஊழியர்களுக்கு மட்டும்மா. வேலையில குத்திக்கிட்டா, விபத்துப் படிவத்துல மேலாளர் கையெழுத்தோட வரணும். போதை ஊசி போடுறவங்களுக்குக் குடுக்கச் சொல்லி உத்தரவு இல்ல."

அதாவது, ஊசியால் ஆபத்து வந்தால் மருந்து உண்டு. ஆபத்து யாருக்கு அதிகமோ அவனுக்கு மட்டும் கிடையாது. இதற்கும் ஒரு குழு உட்கார்ந்து, பிஸ்கட் சாப்பிட்டு, ஏகமனதாக முடிவெடுத்திருக்கும்.

தம்பியை அங்கேயே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மையத்துக்கு ஓடி வந்தாள். படிவத்தை எடுத்தாள். குத்தப்பட்டவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். நடந்த இடம், மையம். நேரம், நேற்று மாலை.

மேலாளர் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"ஏம்மா, மூணு வருஷமா ஒரு விபத்துகூட இல்லாத மையம் இது. அடுத்த வாரம் அதுக்கு விருது வேற தர்றாங்க. இப்பப் போய் குத்திக்கிட்டு வந்து நிக்கிறீங்களே!" விரல் எப்படி இருக்கிறது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. "காரணம்னு போட்ட கட்டம் காலியா இருக்கு பாருங்க."

அவள் பேனாவை எடுத்து, 'ஒன்றுக்கு ஒன்று விதி' என்று எழுதப் போனாள்.

"அதெல்லாம் வேணாம். ஊழியரின் கவனக்குறைவுன்னு எழுதுங்க. மெமோ வரும், நான் ஒன்னும் பண்ண முடியாது. ஆனா அப்படி எழுதினாதான் கையெழுத்து."

பேனா நின்றது. நேற்று தம்பி விரித்துக் காட்டிய வெறும் கை அவள் கண்முன் வந்தது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். அந்தப் படிவத்தில் பெயர் பொய், இடம் பொய். இந்த ஒரு வரி மட்டும் பொய்யில்லை.

மேலாளர் கையெழுத்தின் கடைசிச் சுழிப்பை முடிப்பதற்குள் தாளை உருவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.