ஹெப்சி நைனா

திருத்தணியில் துரை பங்களா என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். துரை ஊரைவிட்டுப் போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. பேர் மட்டும் போகவில்லை. அந்த வீடு அருங்காட்சியகமாகி, திறப்பு விழாவும் முடிந்த மறுநாள், அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்தாள் ஹெப்சி. அப்பா ஜெபதாஸின் பேரைச் சுவரில் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வேண்டாமா பின்னே? துரை விட்டுவிட்டுப் போன வீட்டில் நடந்த சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகக் கிடந்து, ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வந்து மயங்கி விழுந்தவர்களையெல்லாம் கூடத்தில் கிடத்திப் பிழைக்கவைத்தவர் அவர். வீட்டை இடித்துவிட்டு லாட்ஜ் கட்ட ஆள் வந்தபோது, கேட்டுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்துவிட்டார். வீடு நின்றது. அவர்தான் போய்ச் சேர்ந்தார். பிறகு அருங்காட்சியகத்து ஆட்கள் வந்து, வீட்டைக் காத்தவர் பேரைக் கல்லில் பொறிப்போம் என்று சொல்லி, அம்மா கிருபாவைப் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டு போனார்கள். அதற்கடுத்த மாதமே அம்மாவும் கண்ணை மூடிவிட்டாள்.

சுவரில் கல் இருந்தது. பெரிய கல். துரைக்கு ஒரு பத்தி, துரைசானிக்கு ஒரு பத்தி. கடைசியில் ஒரு வரி: ‘ஹெப்சி நைனா என்ற பணிப்பெண் இவ்வீட்டைப் பல ஆண்டுகள் பராமரித்தார்.’

ஹெப்சி மறுபடியும் படித்தாள். அப்பா பேர் எங்கேயும் இல்லை.

அம்மா புருஷன் பேரைச் சொன்னதே கிடையாது. ஜெபத்தில்கூடச் சொல்லமாட்டாள். ஹெப்சி நைனா சாப்பிட்டாரா, ஹெப்சி நைனா வந்தாரா, அவ்வளவுதான். ஹெப்சியின் அப்பா என்பதற்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பேச்சு. கல்லுக்கு வாசகம் எழுதிய கம்பெனி வடக்கே எங்கேயோ இருக்கிறது. இங்கிருந்து இங்கிலீஷில் சுருக்கி அனுப்பியதை வைத்து எழுதினார்களாம், பொறுப்பாளர் பிறகு சொன்னார். நைனா என்றால் அங்கே பெண்பிள்ளைப் பேராம். எழுதித் தள்ளிவிட்டான், மகராசன்!

“சார், இது எங்க நைனா. ஆம்பள. பேரு ஜெபதாஸ்,” என்றாள் பொறுப்பாளர் ராஜீவிடம். அழுகையை அடக்கமுடியவில்லை.

ராஜீவ் நல்ல மனிதர்தான். “தப்புதாம்மா. ஆனா மந்திரி தொறந்துவெச்ச கல்லு. புஸ்தகமும் அச்சாயி பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போய்கினுகீது. மேல எழுதறேன். மாத்துவாங்கன்னு பொய் சொல்லமாட்டேன்.”

“எங்கம்மாவாண்ட பேரே கேக்கலியா?”

“ஆங், கேட்டோமே. வயசானவங்க, மறந்துட்டாங்க போலன்னு வுட்டுட்டோம்,” என்று கம்ப்யூட்டரில் அந்தப் பதிவைத் தேடிப் போட்டார்.

அம்மாவின் குரல். “அவரு பேரா?” ஒரு வெட்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! “அத்த நான் எப்டிம்மா சொல்றது? ஹெப்சி வரேன்னுகீறா. அவளாண்ட கேளு, சொல்வா.”

ஹெப்சி அன்றைக்கு வரவில்லை. கடையில் ஆளில்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டாள். பாவி, ஒரு நாள் கடையைப் பூட்டியிருந்தால் என்ன?

கூடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கல்லை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்கள். பணிப்பெண் ஹெப்சி நைனா.

“ஜெபதாஸ்ம்மா. அவரு பேரு ஜெபதாஸ்,” என்றாள் ஹெப்சி கம்ப்யூட்டரைப் பார்த்து. பதிவு அதற்குள் முடிந்துபோயிருந்தது.